வலிக்காத வியாதி



சென்ற இதழில், அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பகுதியைக் கொண்டு பல் பிரிவுக்குக் காரை நீக்கும் இயந்திரம் ஒன்று வாங்கத் தீர்மானித்திருப்பதை அறிவித்திருந்தோம். அதைக் கண்டு, நெடுங்காலமாக நம்மைத் தாங்கிவரும் பெரியவர் ஒருவர் கடிதம் எழுதினார். "பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் ஆப்பரேஷனுக்கும் என்றால் சந்தோஷமாய்க் கொடுப்போம். பல் விளக்குகிறதற்குமா மிஷன் பணம்?" என்று கேட்டிருந்தார். கடிதத்தில் கோபம் இல்லை. உள்ளதை உள்ளபடி கேட்டிருந்தார். காணிக்கை கொடுக்கிறவர்களுக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு. அவர் ஒருவர் எழுதினார். எழுதாமல் மனதுக்குள் நினைத்தவர்கள் இன்னும் பலர் இருக்கக்கூடும். ஆகவே எல்லாருக்கும் சேர்த்தே இங்கே பதில் எழுதுகிறோம்.

காலை ஆராதனை முடிந்ததும், வெளிநோயாளர் வராந்தாவில் சீட்டு வாங்கிக் காத்திருப்பவர்களோடு சற்று நேரம் உட்கார்ந்து பேசுவது எங்கள் வழக்கம். மழைக்காலத்தில் ஒரு நாள், கொழுந்து பறிக்கும் அம்மாள் ஒருவர் முந்தானையில் எதையோ முடிந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விசாரித்தபோது முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். ஒரு பல். முந்தின இரவு சப்பாத்தியைக் கடித்து இழுத்தபோது கையோடு வந்துவிட்டதாம். வயது நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கும்.

அந்தப் பல்லில் சொத்தை இல்லை, உடைசல் இல்லை. நுனி வேர் வரைக்கும் முழுசாக இருந்தது. "நல்ல பல்லுதானேங்க ஐயா, ஏன் விழுந்துச்சு?" என்று கேட்டார். எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்தோம். பல் மருத்துவர் பார்த்துவிட்டு, "ஈறில் இரத்தம் எத்தனை நாளாக வருகிறது?" என்று கேட்டார். அம்மாள் சிரித்துவிட்டார். "அது பத்துப் பன்னிரண்டு வருசமா வருது டாக்டரம்மா. வலிக்கலையே, அதான் வரலை" என்றார்.

வலிக்கலையே என்ற அந்த ஒரு சொல்லில்தான் இந்த வியாதியின் தந்திரம் முழுவதும் இருக்கிறது. சொத்தைப் பல் இரவெல்லாம் தூங்கவிடாது. மனிதன் விடிந்ததும் ஓடிவருவான். ஈறு நோயோ வருஷக்கணக்காய்ச் சத்தமில்லாமல் வேலை செய்யும். பல் ஆடத் தொடங்கும்போதுதான் நாம் விழித்துக்கொள்கிறோம். அப்போது அடியில் பாதி எலும்பு போயிருக்கும்.

உள்ளே நடப்பது என்ன என்பதை எங்கள் மருத்துவர் எங்களுக்கு விளக்கியபடியே சொல்லுகிறோம். பல் தாடை எலும்பில் ஆணி அடித்ததுபோல் நிற்கிறது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அப்படியல்ல. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மயிரிலும் மெல்லிய நார்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கூடாரத்தைக் கயிறுகள் இழுத்துப் பிடித்திருக்கிறதுபோல அவை பல்லைப் பிடித்திருக்கின்றன. அதனால்தான் கல்லைக் கடித்தாலும் பல் சற்றே அசைந்து கொடுத்துத் தப்பிக்கிறது. நாரும் எலும்பும் வெளியே தெரியாதபடி மேலே போர்த்தியிருப்பது ஈறு. ஈறு பல்லைச் சுற்றி ஒரு சட்டைக் கழுத்துப்போல இறுகி நிற்கிறது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையே சிறு பள்ளம் ஒன்று எல்லாருக்கும் உண்டு. நல்ல வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரைதான்.

காலையில் எழுந்ததும் நாக்கைப் பல்லின்மேல் ஓட்டிப் பாருங்கள். வழவழவென்று ஒரு படலம் தட்டுப்படும். அது சோற்றின் மிச்சம் அல்ல; உயிருள்ள கிருமிகள் கூட்டமாய்க் குடியேறிக் கட்டிய வீடு. ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் ஜவுளி வியாபாரம் செய்துவந்த லேவன்ஹூக் என்பவர், தாமே கடைந்த கண்ணாடி வில்லையின் வழியாகத் தம் பல்லிடுக்கு அழுக்கைப் பார்த்து, சிறு உயிர்கள் அதில் துள்ளித் திரிவதாக 1683ல் லண்டனிலுள்ள ராயல் சங்கத்துக்கு எழுதினார். தினமும் உப்புத் தேய்த்துப் பல் விளக்குகிறவர் அவர்; அவர் வாயிலேயே அத்தனை இருந்தன!

அந்தப் படலத்தைத் துடைக்காமல் விட்டால், எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதில் படிந்து சில நாட்களிலேயே இறுகத் தொடங்கும். இதைத்தான் பற்காரை என்கிறோம். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வெள்ளைக் காரை பிடிக்கிறதுபோல்தான் இதுவும். கீழ்வரிசை முன்பற்களின் உட்பக்கத்தில் நாக்கால் தடவினால் பலருக்கும் சொரசொரவென்று அகப்படும். எச்சில் ஊறும் வாய்க்கால் அங்கேதான் திறக்கிறது. காரை பிடித்த பிறகு எந்தப் பிரஷும் எந்தப் பொடியும் அதை எடுக்காது. அதன் கரடுமுரடான மேற்பரப்பில் புதுக் கிருமிகள் இன்னும் வசதியாகக் குடியேறும்.

கிருமிகள் ஈறின் ஓரத்தில் நின்றால் சரீரம் சும்மா இராது. சண்டைக்கு வேண்டிய இரத்தத்தை அங்கே அனுப்புகிறது. ஈறு சிவக்கிறது, வீங்குகிறது, தொட்டால் இரத்தம் கசிகிறது. இது முதல் படி. இந்தப் படியில் எலும்புக்கு ஒரு சேதமும் இல்லை. சுத்தம் செய்தால் ஈறு முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பும். செய்யாமல் விட்டால் சிலருக்குச் சண்டை உள்ளே இறங்குகிறது. திருடனை விரட்ட வந்த ஊர்க்காரர்கள் வீட்டுக்காரனுடைய வேலியையே மிதித்துப்போட்டதுபோல, கிருமியோடு போராடும் சரீரத்தின் சொந்தப் படையே நார்களையும் எலும்பையும் அழித்துவிடுகிறது. பள்ளம் 4, 5, 6 மில்லிமீட்டர் என்று ஆழமாகிறது. சீழ் உள்ளே அடைபடாமல் மேலே கசிந்துவிடுவதால் வலி தெரிவதில்லை. இழந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது. இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவே.

இந்த மலைநாட்டில் வாழ்கிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மழைக்காலத்தில் சரிவிலிருக்கும் சில்வர் ஓக் மரத்தின் அடிமண் கொஞ்சம் கொஞ்சமாய் அரித்துப் போகிறது. மரம் பச்சையாய்த்தான் நிற்கும், இலையில் வாட்டமே இராது. ஒரு நாள் காற்றடித்தால் வேரோடு சாய்ந்து கிடக்கும். அந்த அம்மாளின் முந்தானையிலிருந்த பல்லும் அப்படி மண் போன மரந்தான்.

அழுக்குதான் காரணம் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கலாம். இதைச் சோதித்துப் பார்த்தவர் நார்வே நாட்டுப் பல் மருத்துவர் ஹரால்ட் லோ. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் நல்ல ஈறுள்ள 12 பேரை, அதிகமும் பல் மருத்துவ மாணவர்களை, பல் விளக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் ஒருவர் தவறாமல் 12 பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடியும் விளக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் எல்லாருக்கும் சரியாகிவிட்டது. 1965ல் இது அச்சில் வந்தபிறகு, ஈறு வீக்கத்துக்கு வாதம் பித்தம் என்றும் வயது என்றும் பரம்பரை என்றும் மட்டும் சொல்லித் தப்பிக்க இடமில்லாமல் போயிற்று.

அவருடைய அடுத்த ஆராய்ச்சி நம்மைச் சேர்ந்தது. அதைப்பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறோம்.

பல் வைத்தியமே எட்டாத ஜனங்களிடத்தில், யாரும் தலையிடாமல் விட்டால், ஈறு நோய் எப்படி வளரும் என்று அறிய அவரும் அவருடைய தோழர்களும் விரும்பினார்கள். 1970ல் இலங்கையின் மலையகத்தில் இரண்டு தேயிலைத் தோட்டங்களைத் தெரிந்துகொண்டார்கள். அங்கே 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். எல்லாரும் தமிழர்கள். வயது 14 முதல் 31 வரை. பிரஷ் பிடித்துப் பல் விளக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. அன்று தொடங்கி 1985 வரை பலமுறை திரும்பிப்போய் அதே மனிதர்களின் வாயைப் பார்த்து அளந்து எழுதினார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அந்த ஜனங்களுக்குச் சொத்தைப் பல் ஏறக்குறைய இல்லவே இல்லை. விழுந்த பற்களெல்லாம் ஈறு நோயால் விழுந்தவை.

1986ல் வெளிவந்த முடிவு இது. அந்தத் தொழிலாளர்கள் மூன்று வகையாகப் பிரிந்தார்கள். நூற்றுக்கு 8 பேருக்கு நோய் வேகமாய் ஓடிற்று: 35 வயதில் 12 பற்கள் போயின, 40ல் 20 போயின, 45ல் வாயில் ஒன்றும் மிஞ்சவில்லை. நூற்றுக்கு 81 பேருக்கு நோய் நிதானமாய் நடந்தது: 45 வயதில் சராசரியாக 7 பற்களை இழந்திருந்தார்கள். மீதி 11 பேருக்கு ஈறு வீக்கம் இருந்ததே தவிர, அதற்குமேல் ஒன்றும் நேரவில்லை.

இந்த 11 பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் எந்தத் தோட்டத்துக்குப் பல் முகாமுக்குப் போனாலும் யாராவது ஒருவர் எழுந்து, "எங்க தாத்தா ஒரு நாள்கூடப் பல் விளக்கினதில்லை, எண்பது வயசிலயும் கரும்பு கடிச்சாரு" என்பார். கூட்டம் சிரிக்கும், எங்கள் நர்சுகள் வாயடைத்து நிற்பார்கள். இப்போது பதில் கைவசம் இருக்கிறது. தாத்தா பொய் சொல்லவில்லை. அவர் அந்தப் பதினொன்றில் ஒருவர். பேரன் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. எட்டில் ஒருவனாய் இருந்தால் என்ன செய்வான்?

2010ல் ஆராய்ச்சியாளர்கள் மறுபடியும் அந்தத் தோட்டங்களுக்குப் போனார்கள். நாற்பது ஆண்டு கழிந்திருந்தது. 480 பேரில் 75 பேரைக் கண்டுபிடித்துப் பரிசோதித்தார்கள். முப்பது வயதுக்குள்ளேயே நோயைக் கண்டு மருத்துவம் செய்வதும், காரையை நீக்குவதும், ஈறு வீக்கத்தை அடக்கிவைப்பதும், புகையை விடுவதுமே முதுமையில் பல்லைக் காக்கும் வழி என்று அவர்கள் கணக்குகள் காட்டின.

உலகமெங்கும் பல் மருத்துவம் படிக்கிற மாணவர்கள் இன்று இந்தத் தொழிலாளர்களைக் குறித்துப் படிக்கிறார்கள். அவர்கள் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் வாயைத் திறந்து காட்டியதால் உலகம் பாடம் கற்றது. அந்தப் பாடத்தின் பலன் அவர்கள் லயத்து வாசலுக்கு வந்து சேர எத்தனை காலம் பிடிக்கிறது என்பதை நினைக்கும்போது எங்களுக்கு மனது பாரமாகிறது. நம்மிடம் வரும் தோட்டத் தொழிலாளர்களில் பலர், 1964ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கப்பலேறித் திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அந்த 480 பேர் இவர்களுக்குச் சொந்தக்காரர்களாகவே இருக்கலாம். பெரியவரின் கேள்விக்கு எங்கள் பதிலில் பாதி இதுதான்.

மறுபாதி சர்க்கரை வியாதி. முந்தானையில் பல்லை முடிந்துவந்த அம்மாளுக்கு மருத்துவர் முதலில் எழுதிக் கொடுத்தது பல் மருந்து அல்ல, இரத்தப் பரிசோதனைச் சீட்டு. சர்க்கரை மிகவும் கூடியிருந்தது. அதுவரை அவருக்கே தெரியாது. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு ஈறு நோய் வருவது மற்றவர்களைக்காட்டிலும் இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஈறில் ஓயாமல் நடக்கும் அழற்சி, திரும்ப இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டுகிறது. ஒன்றையொன்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் இரண்டு வியாதிகள். நல்ல செய்தி என்னவென்றால், இழுப்பதைப்போலவே தள்ளவும் முடியும். ஈறைச் சுத்தம் செய்து மருத்துவம் பார்த்தால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏறத்தாழ 0.4 சதவீதம் குறைகிறது என்று பல ஆராய்ச்சிகளை ஒன்றுகூட்டிப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். கேட்பதற்குச் சிறிய எண். இன்னொரு மாத்திரை சேர்க்கலாமா என்று யோசிக்கும் மருத்துவருக்கு அது சிறியதல்ல. காலில் புண் ஆறாமல் மாதக்கணக்கில் படுத்திருக்கும் எத்தனையோ பேருக்காக வார்டில் ஜெபித்திருக்கிறோம். அவர்கள் வாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றினதே இல்லை.

கர்ப்பிணிகளைக் குறித்தும் ஒரு வார்த்தை. கர்ப்பகாலத்தில் சரீரத்தில் நிகழும் மாற்றத்தால் கொஞ்சம் அழுக்குக்கே ஈறு பொங்கி இரத்தம் வரும். பிள்ளை உண்டாயிருக்கும்போது பல்லைத் தொடக்கூடாது என்று மாமியார்மார் தடுப்பார்கள். அது தவறு. பல் சுத்தம் செய்வது கர்ப்பிணிகளுக்கு ஆபத்தில்லாதது. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை உட்கார்ந்துகொள்ள வசதியான காலம். வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், இரத்த அழுத்தத்துக்குச் சில மாத்திரைகள் எடுக்கிறவர்களுக்கும் ஈறு வளர்ந்து பல்லை மூடலாம். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக்கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். பல் விளக்காமலே ஈறில் தானாக இரத்தம் கசிந்து, காய்ச்சலும் தோலில் நீலத் திட்டுகளும் கூட இருந்தால், அது ஈறோடு நிற்கிற காரியமல்ல. தாமதியாமல் இரத்தப் பரிசோதனைக்கு வரவேண்டும்.

இனி நம் ஜனங்களிடையே உலாவும் சில எண்ணங்களுக்கு வருவோம். அவற்றில் மிகவும் கேடு செய்வது, "இரத்தம் வருகிற இடத்தில் பிரஷ் படக்கூடாது" என்பதே. புண் என்று எண்ணி அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களை விளக்குகிறார்கள். அழுக்கு இருப்பதால்தான் இரத்தம் வருகிறது. விட்டுவிட்டால் அழுக்கு இன்னும் சேரும், இரத்தம் இன்னும் வரும். அந்த இடத்தையே மிருதுவான பிரஷால் மெதுவாக, ஆனால் தவறாமல் சுத்தம் செய்யவேண்டும். முதல் சில நாட்கள் இரத்தம் வரும், பிறகு குறையும். இரண்டு வாரமாகியும் நிற்கவில்லையானால் காரை இருக்கிறது என்று அர்த்தம். பல் மருத்துவரிடம் போகவேண்டும்.

அடுத்தது, "பல்லைக் கிளீன் பண்ணினால் பல் ஆடிவிடும்" என்பது. படித்தவர்களும் போதகர்களும்கூட இதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். உண்மையைச் சொன்னால், இந்த வரிகளை எழுதுகிற நாமே இருபது ஆண்டுகள் இதை நம்பினவர்கள். அந்த நம்பிக்கையின் விலையாக இரண்டு கடைவாய்ப் பற்களைக் கொடுத்தோம். நடப்பது இதுதான். எலும்பு போன பற்களைக் கெட்டியான காரை ஒன்றோடொன்று பூசி ஒட்டி வைத்திருக்கும். காரையை எடுத்ததும் உள்ளே இருந்த ஆட்டம் வெளிப்படுகிறது, பல்லிடுக்கு தெரிகிறது, கொஞ்ச நாள் பச்சைத்தண்ணீர் பட்டால் கூசுகிறது. இடிந்த சுவரின்மேல் ஒட்டியிருந்த காலண்டரை எடுத்ததும் விரிசல் தெரிந்தால், காலண்டரை எடுத்தவன்மேல் குற்றம் சொல்லுவோமா? மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பதும் இப்படிப்பட்டதே. பல்லுக்கும் பார்வைக்கும் போகும் நரம்புகள் வெவ்வேறு.

செங்கல் பொடி, அடுப்புக் கரி, சாம்பல் ஆகியவை பல்லை வெளுப்பாக்குவதுபோல் காட்டும். உண்மையில் பல்லையும் ஈறையும் தேய்த்துவிடும். வேப்பங்குச்சியை நாங்கள் குறை சொல்வதில்லை. நன்றாக மென்று நுனியை மிருதுவாக்கிப் பொறுமையாய்த் தேய்க்கிறவருக்கு அது ஓரளவு உதவும். ஆனால் பல்லின் உட்புறத்துக்கும் இடுக்குக்கும் அது எட்டுவது கடினம். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பு இதமாக இருக்கும், படலத்தை அகற்றாது.

புகையிலைதான் பெரிய சத்துரு. குளிருக்கும் களைப்புக்கும் வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொண்டு கொழுந்து பறிப்பது இங்கே வழக்கம். வயதான பெண்கள் மூக்குப்பொடியை ஈறில் தேய்த்துக்கொள்வார்கள். பல்வலிக்கு அது மருந்தென்று தாயிடமிருந்து மகள் கற்றுக்கொள்கிறாள். பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை கலப்பதை அரசாங்கம் 1992லேயே தடை செய்துவிட்டது. மூக்குப்பொடி டப்பாவைத் தடை செய்வார் இல்லை. பீடி சிகரெட் குடிக்கிறவர்களிடம் இன்னொரு மோசம் உண்டு. புகை ஈறின் இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால், நோய் முற்றியிருந்தும் இரத்தம் வராது. எச்சரிக்கை மணியின் நாக்கைக் கட்டிவிட்டதுபோல. ஈறில் இரத்தமே வருகிறதில்லை என்று பெருமையாய்ச் சொல்லுகிற புகைக்காரரைத்தான் எங்கள் மருத்துவர் அதிகக் கவனமாய்ப் பார்க்கிறார்.

சரி, என்ன செய்யவேண்டும்? செலவு அதிகமில்லை. மிருதுவான பிரஷ் ஒன்று. நார்கள் விரிந்துவிட்டால், ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மாற்றவேண்டும். ஃப்ளூரைடு கலந்த பற்பசை ஒரு பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் காட்டுகிறதுபோல் நீளமாய்ப் பிதுக்கத் தேவையில்லை. பிரஷைப் பல்லுக்கு நேராக வைக்காமல், ஈறும் பல்லும் சந்திக்கும் கோட்டின்மேல் சற்றுச் சாய்த்து வைத்து, இருந்த இடத்திலேயே குறுகக் குறுக அசைக்கவேண்டும். மரப்பலகையை இழைப்புளியால் இழைக்கிறதுபோல் இழைக்கவேண்டாம். வெளிப்பக்கம், உட்பக்கம், மெல்லும் பக்கம் என்று சுற்றிவர இரண்டு நிமிஷம் ஆகும். நம்மில் பெரும்பாலோர் அரை நிமிஷத்தில் முடித்துவிடுகிறோம். காலையில் ஒருமுறை, இரவு படுக்கப்போகுமுன் ஒருமுறை. இரவில் எச்சில் ஊறுவது குறைவதால் கிருமிக்கு அதுவே அறுவடைக் காலம். ஆகவே ஒருவேளையாவது தவறாமல் செய்ய முடியும் என்றால் இரவு வேளையைத் தெரிந்துகொள்ளுங்கள். பல்லிடுக்குக்கென்று மெல்லிய நூலும் சிறு பிரஷும் மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன. நாற்பதைக் கடந்தவர்களுக்கு இடுக்குப் பிரஷ் மிகவும் உதவும். குண்டூசியும் ஊக்கும் வேண்டவே வேண்டாம்.

வீட்டில் படுக்கையில் கிடக்கும் தகப்பனையோ தாயையோ பார்த்துக்கொள்கிறவர்கள் இதை வாசித்தால், அவர்களிடத்தில் ஒரு விண்ணப்பம். குளிப்பாட்டுகிறீர்கள், துணி மாற்றுகிறீர்கள். வாயையும் தினமும் சுத்தம் செய்யுங்கள். வாயிலுள்ள அழுக்கு மூச்சுக்குழலில் இறங்கினால் நிமோனியாவாக மாறும். செயற்கைப் பல்லை இரவில் கழற்றிக் கழுவி வைக்கவேண்டும்.

வருஷத்துக்கு ஒருமுறையாவது, சர்க்கரை உள்ளவர்களும் புகையிலைப் பழக்கம் இருந்தவர்களும் இன்னும் அடிக்கடி, பல் மருத்துவரிடம் ஈறைக் காட்டவேண்டும். அவர் கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்றால் பல்லைச் சுற்றியுள்ள பள்ளத்தை அளப்பார். அந்த அளவைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கேட்டு எழுதி வைக்கிறோம், இதைமட்டும் யாரும் கேட்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2022ல் வெளியிட்ட அறிக்கை, இந்த நோய் முற்றின நிலையில் உலகில் 100 கோடிக்கும் அதிகமானோருக்கு இருப்பதாகச் சொல்லுகிறது. இத்தனை பேருக்கும் நாம் என்ன செய்யமுடியும் என்று மலைக்கவேண்டியதில்லை. நம் மருத்துவமனையைச் சுற்றியிருக்கும் தோட்டங்களை மட்டும் எங்களால் நினைத்துப் பார்க்க முடிகிறது. நாள்கூலி போய்விடும் என்பதால் வலிக்காத ஒன்றுக்காக எந்தத் தொழிலாளியும் பேருந்து ஏறி வரமாட்டார். ஆகவே நாங்கள் போகவேண்டும். கைக்கருவியால் காரை எடுப்பதென்றால் முற்றின வாய் ஒன்றுக்கே மருத்துவருக்குப் பாதிக் காலை போய்விடுகிறது, கையும் ஓய்ந்துவிடுகிறது. இயந்திரத்தின் நுனி நுண்ணிய அதிர்வால் காரையை உடைத்துத் தண்ணீரால் கழுவிக்கொண்டே போகும். அதே காலையில் அதிகம் பேரைப் பார்க்கலாம். எளிதாகத் தூக்கிச் செல்லக்கூடியது. மின்சாரமும் தண்ணீரும் இருந்தால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலோ ஜெபக்கூடத்திலோ வைத்து வேலை செய்யலாம்.

பல் விளக்கக் கற்பிப்பது மருத்துவ ஊழியம் ஆகுமா என்ற கேள்விக்கு, நமக்கு முன்னே போனவர்களைப் பார்க்கவேண்டும். 1847ல் யாழ்ப்பாணம் வந்து இறங்கின அமெரிக்க மிஷனெரி டாக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் வைத்தியம் செய்ததோடு நில்லாமல், தமிழைக் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவர்களைப் பயிற்றுவித்தார். அறுப்பதும் தைப்பதும் மட்டுமே ஊழியம் என்று அவர் நினைத்திருந்தால் இத்தனை பாடுபட்டிருக்கத் தேவையில்லை.

அந்த அம்மாளைப் பற்றி விசாரிப்பீர்கள் என்று அறிவோம். கீழ்வரிசையில் இன்னும் இரண்டு பற்களை எடுக்கவேண்டியதாயிற்று. மற்றவற்றைக் காப்பாற்றலாம் என்று மருத்துவர் நம்புகிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார், புகையிலையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார், முழுவதும் விடவில்லை. சென்ற முறை வந்தபோது பத்தொன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகளுக்கும் பல் விளக்கினால் இரத்தம் வருகிறதாம். பள்ளத்தை அளந்து பார்த்ததில் எங்கும் 3 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை.

இயந்திரத்துக்கு வேண்டிய தொகை அறுப்பின் பண்டிகைக் காணிக்கையிலிருந்தே சேர்ந்துவிட்டது. அதற்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம். இப்போது தேவைப்படுவது மிருதுவான பிரஷ்கள், பெரியவர்களுக்கும் சிறியவர்களுக்கும். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொன்று கொண்டுவந்து கொடுத்தாலும் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்வோம். மழை விட்டதும் தோட்டங்களில் முகாம்களைத் தொடங்க இருக்கிறோம். மலைப்பாதை தடையின்றி இருக்கவும், தோட்ட நிர்வாகங்கள் வேலை நேரத்தில் ஒரு மணி நேரம் விட்டுக்கொடுக்கவும், பல் மருத்துவருக்கு உதவியாக ஒருவர் கிடைக்கவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். கேள்வி எழுதின பெரியவருக்குத் தனியாகவும் பதில் அனுப்பியிருக்கிறோம். முதல் முகாமுக்கு அவரே வந்து பார்க்கவேண்டும் என்று அழைத்திருக்கிறோம்.